திங்கட்கிழமைக் கண்டனம்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீயும் அம்மாவும் எப்படி? அம்மாவின் முழங்கால் மாடிப்படியோடு சமாதானம் ஆகிவிட்டதா, இன்னும் சண்டைதானா?

போனில் கேட்டிருக்கலாம். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாய். அதனால் காகிதம்.

ஒரு சந்தேகம். கண்டனம் என்றால் என்ன? அகராதி வேண்டாம். இலக்கியம் படித்ததில் என்னிடம் மிச்சம் இருப்பதே அந்த அகராதி ஒன்றுதான், பார்த்துவிட்டேன். மறுப்பு என்கிறது. கடிந்துரை என்கிறது. எனக்கு வேண்டியது வேறு. நீ ஊழியர் பிரிவில் உட்கார்ந்து இந்த மாதிரிக் காகிதங்களை எழுதியே சம்பளம் வாங்குகிறவன். உன் மேசையில் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது?

எனக்கு ஒன்று வந்திருக்கிறது. மூன்றாம் உருளையை நிறுத்தினேன். துணி கருகிவிட்டது. அவ்வளவுதான்.

மற்றபடி சலவைக்கூடம் அப்படியே இருக்கிறது. நீராவி. ஈரத் தரை. மருத்துவமனைகளிலிருந்து வந்துகொண்டே இருக்கும் துணி. துணியைத் தேய்த்து உலர்த்தும் சூட்டு உருளையின் ஒரு பக்கம் ஈர விரிப்பு உள்ளே போகிறது. மறுபக்கம் நான் சுடச்சுட வாங்கி மடிக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லாதே.

உன் வாயாடி


பிப்ரவரி 17

வாயாடித் தங்கைக்கு,

இங்கே இருவரும் சுகம். முழங்கால் சண்டை தொடர்கிறது. மூன்றாவது மாடியில் குடியிருப்பு கொடுத்த என் அலுவலகத்தை அம்மா தினமும் இரண்டு வேளை வாழ்த்துகிறாள், ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று.

அம்மாவிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். கடிதத்தைப் பிரித்ததே அம்மாதான்.

உன் கேள்விக்கு வருகிறேன். எங்களிடம் இதுவும் ஒரு மாடிப்படிதான். அறிவுரை முதல் படி. அதைக் காதோடு சொல்வோம். அடுத்தது எச்சரிக்கை. இனிமேல் செய்யாதே என்பது அது. நாளையைப் பற்றியது. கண்டனம் நேற்றைப் பற்றியது: நீ செய்தது எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று எழுத்தில் சொல்வது. அதற்கு மேலே சம்பளத்தில் கைவைப்பது. அதற்கும் மேலே வாசல். முகம் சுளிப்பதற்கு முத்திரை குத்தினால் கண்டனம். வேறொன்றும் இல்லை, பயப்படாதே.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள். நீ ஏற்றால் அது பணிப் பதிவில் ஏறும். ஏறியதை முதலாளியே வந்தாலும் இறக்க முடியாது. அடுத்த மேற்பார்வையாளர் நீதான் என்று பேச்சிருப்பதாகப் பொங்கலுக்கு முன்பு எழுதியிருந்தாயே, அது போகும். ஆனால் ஏற்காமல் இழுத்தால் வேலைக்கே ஆபத்து. உங்கள் இடத்திலும் இதே விதிதான் இருக்கும். எல்லா நிறுவனமும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டதுதானே. ஏற்கிறேன் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போ.

உருளையை ஏன் நிறுத்தினாய்? அதை நீ எழுதவில்லை.

அம்மா சொல்லச் சொன்னது: "திட்டினா திட்டிட்டுப் போறாங்க. திருப்பித் திட்டாம இருந்தா போதும். இவ இருக்க மாட்டாளே!"

நலம் விரும்பும்
அண்ணன்


மார்ச் 3

அண்ணா,

நலம். உங்கள் நலமும் அதுவே என்று எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவிடம் சொல், திருப்பித் திட்டவில்லை. வாயே திறக்கவில்லை. அதுதான் சிக்கல்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. திங்கட்கிழமை காலை, உருளைகள் சூடேறும்வரை, எல்லோரும் சோப்புத்தூள் மூட்டைகளுக்குப் பக்கத்தில் கூடவேண்டும். மேற்பார்வையாளர் ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி நிற்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. இந்த நீராவியிலும் அவர் சட்டை மடிப்புக் கலைவதில்லை. யாருக்காவது கண்டனம் இருந்தால் அவர் எல்லோர் முன்னாலும் வாசித்து, "ஏற்கிறாயா?" என்று கேட்பார். அந்த ஆள் "ஏற்கிறேன்" என்று சொல்லவேண்டும். சொன்னால்தான் அது முடியும். சொல்லாவிட்டால் அடுத்த திங்கள் மறுபடி வாசிக்கவேண்டும் என்று விதி. இதுவரை யாரும் சொல்லாமல் இருந்ததில்லை.

வாசித்தது இது. அப்படியே எழுதுகிறேன்.

'மூன்றாம் உருளையின் காவல் கம்பி, வேலை தடைபடாதிருக்கும் பொருட்டு, நிர்வாகத்தால் துணிகொண்டு கட்டிவைக்கப்பட்டிருந்தது. அக்கட்டை மேற்பார்வையாளரின் அனுமதியின்றிக் கத்தரியால் அறுத்து, உருளையை நிறுத்தி, அறுவைக்கூடத் துணிகள் கருகக் காரணமான மடிப்புப் பிரிவு ஊழியரை நிர்வாகம் வன்மையாகக் கண்டிக்கிறது.'

"ஏற்கிறாயா?"

நான் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூட்டையிலிருந்து தூள் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ தும்மினார்கள்.

"காது கேக்கலையாம்மா? ஏற்கிறாயா?"

கேட்டது. சொல்லவில்லை.

அடுத்த திங்களும் அப்படியே.

உன் தங்கை


மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

சுகம். அம்மாவுக்குச் சளி, மருந்து வாங்கிக் கொடுத்தேன். உனக்கு அந்த ஈரத்தில் இருமல் வராமல் பார்த்துக்கொள்.

அந்த வாசகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தொழில்காரன் கண்ணால் சொல்கிறேன், எழுதியவனுக்கு எழுதத் தெரியவில்லை. கண்டனம் எழுதும்போது காரணத்தை விளக்கக்கூடாது. 'ஒழுங்குமீறல்' என்று போட்டுவிட்டுப் போகவேண்டும். இவன் தன் பக்கம் நியாயம் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒப்பித்திருக்கிறான். கம்பியைக் கட்டியது நாங்கள்தான் என்று தானே சொல்லி, அதற்கு முத்திரையும் குத்தி!

காவல் கம்பி என்றால் என்ன? எதைக் காவல் காக்கிறது?

இன்னொன்று. கண்டனத்தில் உன் கத்தரி இருக்கிறது, கருகிய துணி இருக்கிறது. நடுவில் ஏதோ இல்லை. நீ சும்மா கத்தரியைத் தூக்குகிறவள் இல்லை. என்னிடம் எதை மறைக்கிறாய்?

எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொண்டு முடித்துவிடு. வீராப்பால் யார் வயிறும் நிறைந்ததில்லை.

அண்ணன்


மார்ச் 20

அண்ணா,

என் உடம்பு நலம். என் உடம்பு மட்டும்.

காவல் கம்பி உருளையின் வாய்க்கு முன்னால் குறுக்கே தொங்கும். விரல் பட்டாலே உருளை நின்றுவிடும். விரிப்பு சுருண்டு பட்டாலும் நின்றுவிடும். நின்றால் மறுபடி சூடேற நேரமாகும், வண்டி தாமதமாகும். அதனால் கிழிந்த தலையணை உறையால் அதை மேலே தூக்கிக் கட்டிவைத்திருந்தார்கள். நாங்களும் பழகிவிட்டோம்.

ஈர விரிப்பை உள்ளே விடுகிறவளை நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். பாட்டு, செய்தி, பக்கத்து வீட்டு விவகாரம், எல்லா நிலையமும் அவளிடம் எடுக்கும். நான் மறுபக்கம் நிற்பேன். முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். என்னை எம்.ஏ. என்பாள். "எம்.ஏ., இந்த வரிக்கு அர்த்தம் சொல்லு பார்ப்போம்" என்று பாடிக் காட்டுவாள்.

அன்று பாட்டு பாதியில் நின்றது.

வலது கை. விரிப்போடு சேர்ந்து.

நிறுத்தும் பொத்தான் சுவரின் அந்தக் கோடியில் இருக்கிறது. கத்தரி என் இடுப்பில் இருந்தது. அவள் பக்கம் சுற்றி ஓடிக் கட்டை அறுத்தேன். கம்பி விழுந்தது. உருளை நின்றது. துணி கருகும் வாசனை வந்தது. துணி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இதை உனக்கு எழுத முடியவில்லை. மறைக்கவில்லை. எழுத வரவில்லை.

இப்போது அலுவலகம் என்ன சொல்கிறது தெரியுமா? அவள் கவனக்குறைவு என்கிறது. பாடிக்கொண்டே வேலை செய்தாளாம். மே மாதக் கடைசியில் விசாரணை. நீக்கிவிடுவார்கள் என்று பேச்சு. மூன்றாம் உருளையில் கட்டு இல்லை இப்போது. தலையணை உறைத் துண்டும் இல்லை. "கட்டியிருந்ததா? யார் பார்த்தது?" என்கிறார் மேலாளர். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். "நீங்க ஒருத்திக்கு ஒருத்தி விட்டுக்கொடுக்க மாட்டீங்க, உங்க சாட்சி செல்லாது" என்கிறார்.

ஏற்றுக்கொண்டு முடித்துவிடு என்கிறாய். எதை முடிக்க?

தங்கை


ஏப்ரல் 9

அண்ணா,

பதில் இல்லை. அம்மாவின் சளி அதிகமாகிவிட்டதா? உனக்குக் கோபமா? கோபம் என்றால் அதையாவது எழுது. ஒரு கண்டனமாகவே எழுது. எனக்குப் பழகிவிட்டது.

திங்கட்கிழமைகளைப் பற்றிச் சொல்கிறேன், சிரிப்பாய்.

இஸ்திரி வாசிக்கிறார். நான் நிற்கிறேன். "ஏற்கிறாயா?" மௌனம். உருளை சூடேறிவிட்டது, கலைகிறோம். முதலில் எங்கள் கூடம் மட்டும் கேட்டது. பிறகு வண்டி ஓட்டுநர்கள் சரக்கு ஏற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். போன வாரம் துணி ஒப்படைக்க வந்த இரண்டு மருத்துவமனைத் தாதிகள் கதவோரம் நின்றார்கள். ஒருத்தி கேட்டாள்: "அந்தக் கம்பியை எதுக்குக் கட்டினாங்க?" இஸ்திரி கூடையிலிருந்து இறங்கும்போது சறுக்கினார்.

அவர்கள் வாயாலேயே, வாராவாரம். நான் பேசியிருந்தால் யாராவது காது கொடுத்திருப்பார்களா?

இந்தத் திங்கள் இஸ்திரி தந்திரம் செய்தார். கடைசி வரியை மட்டும் வாசித்தார்: 'மடிப்புப் பிரிவு ஊழியரை நிர்வாகம் வன்மையாகக் கண்டிக்கிறது.'

துவைக்கும் பகுதியிலிருந்து ஒரு குரல்: "சார், நடுவுல விட்டுட்டீங்க."

"எதை?"

"கம்பி கட்டினதை சார். 'நிர்வாகத்தால் துணிகொண்டு'ன்னு வருமே."

இன்னொருத்தி எடுத்துக்கொடுத்தாள்: "வேலை தடைபடாதிருக்கும் பொருட்டு."

எல்லோருக்கும் மனப்பாடம். எனக்கே சில இடம் தடுக்கும், அவர்களுக்குத் தடுக்கவில்லை. பெண்கள் கூடி ஒப்பித்தார்கள், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல. இஸ்திரியின் சட்டையில் முதல்முறையாக ஒரு கசங்கலைப் பார்த்தேன்.

இங்கே தெருச் சுவரில் ஒரு சுவரொட்டி. 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று பெரிய எழுத்து. யார், யாரை என்பதெல்லாம் மழையில் போய்விட்டது. உன் மாடிப்படியில் இந்தக் கண்டிப்பு இல்லையே அண்ணா. கீழே நிற்பவர்கள் மேலே பார்த்துச் சொல்வது. அதற்கு யார் முத்திரை குத்துவார்கள்?

எழுது.

வாயாடி


ஏப்ரல் 28

தங்கைக்கு,

அம்மாவுக்குச் சளி விட்டுவிட்டது. நானும் சுகம்தான்.

தாமதத்துக்கு மன்னித்துவிடு. அலுவலகத்தில் வேலை.

எங்கள் தட்டச்சர் ஒருத்தியை உனக்குத் தெரியாது. அமைதியான பெண். ஒரு கடிதத்துக்குப் பழைய தேதி போடச் சொன்னார்கள். "அன்னிக்கு இந்தக் கடிதமே இல்லையே சார்" என்றாள். போடவில்லை. அவளுக்குக் கண்டனம் எழுதும் வேலை என் மேசைக்கு வந்தது. காரணத்தை விளக்காமல் எழுதவேண்டும் என்று உனக்குச் சொன்னேன் அல்லவா. அது எனக்கு நன்றாக வரும். ஒரு வரிதான்.

அந்த ஒரு வரிக் காகிதம் வெகுநாளாக மேசையில் இருக்கிறது.

அம்மா உன் கடிதத்தை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கையைப் பற்றிய இடத்தில் நிறுத்தச் சொன்னாள். பிறகு, "அந்தப் பொண்ணு சாப்பிடறதுக்கு யாரு இருக்கா? இவளைப் போய் பார்த்துட்டு வரச் சொல்லு" என்றாள். ஏற்றுக்கொள்ளச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "நீ கொஞ்சம் சும்மா இருடா" என்றாள்.

அண்ணன்


மே 6

அன்புள்ள அண்ணா,

நலம். அம்மாவிடம் சொல், ரேடியோவுக்கு அவள் அக்கா இருக்கிறாள். நான் வாரத்தில் பாதி நாள் போகிறேன். இடது கையால் சாப்பிடப் பழகுகிறாள். பாடுவதில்லை. நான் ஒரு வரி பாடினேன். "எம்.ஏ., தயவு செஞ்சு நிறுத்து, கை வலியே தேவலை" என்றாள். நல்ல அறிகுறி.

இன்று மேலாளர் கூப்பிட்டார். நாற்காலி கொடுத்தார். அதிலேயே எனக்குச் சந்தேகம்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேம்மா. அந்தக் கண்டனத்தை ரத்து பண்ணிடறோம். படிச்ச பொண்ணு நீ."

"நான் கேக்கலையே சார்."

"நீ கேக்கணுமா? இதுல ஒரு கையெழுத்து போட்டுட்டா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு ஆயிடும்."

"எது நடக்கலைன்னு ஆயிடும்?"

"கண்டனம்."

"கட்டு?"

அவர் தண்ணீர் குடித்தார். மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாகிறது என்றார். யோசித்துச் சொல் என்றார். விசாரணைக்கு முன்னால் சொல்லவேண்டுமாம்.

உண்மையைச் சொல்லட்டுமா? கை கொஞ்சம் நீண்டது. ஈரத் தரையிலிருந்து ஏறிவிடலாம். நீ பயந்த இருமல் வந்துவிட்டது, அது நிற்கும். அகராதியைத் தவிர இந்தப் படிப்பு எனக்குத் தரும் முதல் பொருள் அது.

கையெழுத்து போடவில்லை. இன்னும் போடவில்லை என்று எழுதுவதுதான் சரி.

உடனே எழுது.

தங்கை


மே 13

என் தங்கைக்கு,

போடாதே.

அந்தக் காகிதம் ரத்தானால் கட்டும் ரத்தாகிவிடும். உலகத்தில் கம்பி கட்டியிருந்ததாக நிர்வாகமே சொல்லும் ஒரே இடம் உன் கண்டனம்தான். நீ கையெழுத்து போடாமல் அவர்களால் அதை எடுக்க முடியாது. நான் முன்னால் எழுதிய அறிவுரைகளை ஊழியர் பிரிவுக்காரன் எழுதியவை என்று வைத்துக்கொள்.

பதவி போகும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அலுவலகக் குடியிருப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இனி மேலே கண்ட புது முகவரிக்கு எழுது. சின்ன வீடு. தரைத்தளம், மாடிப்படியே இல்லை. முழங்காலுக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் அம்மா இப்போது குழாய்க்காரனோடு போடுகிறாள். அலுவலகம் எப்படி இருக்கிறது என்று கேட்காதே.

நாங்கள் இருவரும் நன்றாகவே இருக்கிறோம். முன்பைவிட நன்றாகத் தூங்குகிறேன்.

அண்ணன்


ஜூன் 2

அன்புள்ள அண்ணா, அம்மாவும் கேட்கும்படி சத்தமாக வாசி,

நலம், நலம்.

விசாரணை முடிந்தது. நீள மேசை. மேலாளர், இஸ்திரி, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி. எதிரே ரேடியோ, கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு. மேலாளர் நன்றாகப் பேசினார். கம்பி கட்டியிருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை, ஊழியர் கவனக்குறைவு, பாட்டு. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்.

"என் மேல ஒரு கண்டனம் நிக்குது. அதை இங்க வாசிக்கச் சொல்லுங்க" என்றேன்.

"அதை ரத்து பண்ணப்போறோம், மேடம்" என்றார் மேலாளர், அந்த அதிகாரியைப் பார்த்து.

"நான் கையெழுத்து போடலை."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வாசிங்க."

காகிதம் கொண்டுவரவில்லை என்றார் மேலாளர். தேவைப்படவில்லை. இஸ்திரி எழுந்தார். பார்க்காமலே சொன்னார். 'மூன்றாம் உருளையின் காவல் கம்பி', அங்கே தொடங்கி ஒரு எழுத்து பிசகாமல். இத்தனை திங்கள் சொன்ன வாய். அவரால் நடுவில் நிறுத்தவும் முடியவில்லை என்று நினைக்கிறேன். 'நிர்வாகத்தால் துணிகொண்டு கட்டிவைக்கப்பட்டிருந்தது' என்ற இடத்தில் அதிகாரி எழுதத் தொடங்கினார். கடைசியில், பழக்கம்தான் வேறென்ன, இஸ்திரி என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஏற்கிறாயா?"

உன் முதல் கடிதம் ஞாபகம் வந்தது. ஏற்றால் பதிவில் ஏறும். ஏறியதை முதலாளியே வந்தாலும் இறக்க முடியாது.

"ஏற்கிறேன்" என்றேன்.

மேலாளர் பாதி எழுந்துவிட்டார். "அவசரப்படாதேம்மா. உன் எதிர்காலம்…"

"ஏற்கிறேன் சார். நீங்க கட்டிவெச்சிருந்த கட்டை நான்தான் அறுத்தேன். அப்படியே பதிவுல ஏத்திக்கோங்க."

ரேடியோ என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, "எம்.ஏ. பேசிட்டா" என்றாள்.

அவளை நீக்கவில்லை. கவனக்குறைவு என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். கை ஆறியதும் துணி பிரிக்கும் பகுதியில் வேலை. மேற்பார்வையாளர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. எனக்கு இனி அந்தக் கூடை கிடையாது. இருமல் இருக்கிறது.

நேற்று திங்கள். எல்லோரும் மூட்டைகளுக்குப் பக்கத்தில் கூடினோம். வாசிக்க ஒன்றும் இல்லை. "அவ்வளவுதானா சார்?" என்று யாரோ கேட்டார்கள். கலைந்து வேலை தொடங்கியதும் மூன்றாம் உருளையில் விரிப்பு சுருண்டு கம்பியில் பட்டது. உருளை நின்றது. வண்டி காத்திருந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஒருவரும் கம்பியைத் தொடவில்லை. சூடேறும்வரை நின்றோம்.

அலுவலகத்தைப் பற்றிக் கேட்காதே என்றாய். கேட்கவில்லை. அந்தத் தட்டச்சர் நலமா என்று மட்டும் எழுது.

கண்டனத்துக்குரிய
உன் தங்கை